ஆடு சுமவாத பொதி: நடுநாட்டு வழிகளில் சுமை வரலாறு

1. முன்னுரை

விழுப்புரத்திற்கு வடமேற்கே, பம்பையாற்றங்கரையில் அமைந்த திருவாமாத்தூர், தேவார மூவராலும் பாடப்பெற்ற நடுநாட்டுத் தலங்களுள் ஒன்று. கொம்பில்லாதிருந்த ஆனினம் தம்மைக் காத்துக்கொள்ளக் கொம்பு வேண்டி இறைவனை வழிபட்டு அதனைப் பெற்ற இடம் இஃது என்பது தலபுராண மரபு. ‘ஆமா’ என்னும் சொல் காட்டுப்பசுவைக் குறித்துப் பழைய நூல்களில் பயில்கின்றது. ஊர்ப்பெயரை எவ்வாறு பிரிப்பினும், அஃது ஆனினத்தோடு தொடர்புடையது எனக் கொள்வது பொருந்தும்.

இவ்வூரில் நின்று நோக்கினால், வடகிழக்கே திண்டிவனமும் அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் உள்ளன. வடக்கே செஞ்சியும், வடமேற்கே திருவண்ணாமலையும் சவ்வாது மலையும் உள்ளன. மேற்கே சற்றுத் தென்புறமாகக் கல்வராயன் மலை நிற்கின்றது. கடலில் விளைந்த உப்பு மலைக்கும், மலையில் விளைந்தவை கடற்கரைக்கும் செல்லவேண்டுமாயின், இடைப்பட்ட இச்சமவெளியைக் கடந்தே ஆகவேண்டும். இவ்வழிகளில் அச்சுமையைச் சுமந்தவர் யாவர், சுமந்த விலங்குகள் யாவை என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அவ்வாராய்ச்சிக்கு ஒரு சிறு வினா வாயிலாகின்றது. எருதும் கழுதையும் பொதி சுமந்த நாட்டில், அவற்றினும் மிகுதியாக வளர்க்கப்பெற்ற ஆடு ஏன் பொதி சுமக்கவில்லை? தமிழில் பொதியெருது, பொதிமாடு என்னும் சொற்கள் உள்ளன; பொதி சுமக்கும் கழுதை பழமொழியிலும் இடம் பெற்றுள்ளது. ‘பொதியாடு’ என்றொரு சொல் வழக்கில் இல்லை. சொல் இல்லாமை பொருள் இல்லாமையைக் காட்டுகின்றது. பொருள் இல்லாமைக்குக் காரணம் யாது என்பது எண்ணிப் பார்த்தற்குரியது. வினா வேடிக்கையானது போலத் தோன்றலாம். எனினும், அதற்கு விடை தேடப் புகின், மன்னர் வரலாறுகளில் இடம் பெறாத ஒரு வரலாறு வெளிப்படுகின்றது.

2. ஆடு பொதி சுமந்த நாடுகள்

ஆடு சுமை தாங்கும் ஆற்றல் இல்லாதது என ஒருவர் விடை கூறலாம். அவ்விடை பொருந்தாது. இமயமலைப் பகுதியில் ஆடுகள் பல நூற்றாண்டுகளாகப் பொதி சுமந்துள்ளன. இன்றைய உத்தராகண்ட மாநிலத்தைச் சேர்ந்த குமாவுன், கட்வால் பகுதிகளின் வட எல்லையில் வாழும் போத்தியா மக்கள், கோடைக்காலத்தில் 5,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று வாணிகம் செய்தனர். ஊண்டா துரா, நீதி, மாணா, லிபுலேக் என்பன அக்கணவாய்களுள் சில. இங்கிருந்து தானியம் சென்றது. அங்கிருந்து ஏரியுப்பும் வெண்காரமும் கம்பளியும் வந்தன. அச்சுமைகளில் பெரும்பகுதியைச் சுமந்தவை செம்மறியாடுகளும் வெள்ளாடுகளுமே ஆகும்.

அவ்வாடுகளின் முதுகில் இருபுறமும் தொங்குமாறு, கம்பளியால் நெய்த இரட்டைப் பைகள் கட்டப்பெற்றன. ஓராடு சுமந்தது ஏறத்தாழ 8 முதல் 12 கிலோ வரையிலான சிறு பொதியே. ஆனால் நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒன்றாகச் சென்றமையால் மொத்தச் சுமை பெரிதாயிற்று. குதிரையும் கோவேறு கழுதையும் கால் வைக்க அஞ்சும் சரிவுகளில் அவை நடந்தன. வழியிலுள்ள புல்லையும் புதரையும் மேய்ந்துகொண்டே சென்றமையால் அவற்றிற்கெனத் தனியே தீவனம் சுமக்கவேண்டிய தேவை இல்லை. அவற்றின் கம்பளியும் இறைச்சியும் விலை போயின. எனவே சுமப்பதும் சரக்கு, சுமக்கப்படுவதும் சரக்கு என்னும் நிலை இருந்தது. 1962-இல் இந்திய சீனப் போரினால் எல்லை அடைபட்டபோது இவ்வாணிகம் ஒழிந்தது. லிபுலேக் வழியாக 1992-இல் மீண்டும் தொடங்கிய வாணிகம் பழைய அளவை எட்டவில்லை. போத்தியா மக்கள் 1967-இல் பட்டியற் பழங்குடியினராக அறிவிக்கப்பெற்றனர்.

இம்மக்களுள் ஒருவரே நில அளவைத் துறையின் புகழ்பெற்ற ஆய்வாளராகிய நயின் சிங் ராவத். அவர் 1874-இல் லே நகரிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்டுத் திபெத்தின் ஊடே சென்றபோது, தம் பொருள்களைச் செம்மறியாடுகளின் முதுகிலேயே ஏற்றிச் சென்றார். அந்நெடுவழி முழுதும் நடந்து முடித்த ஆடுகள் மிகச் சிலவே. எனினும் அவற்றின் துணையால் வரையப்பெற்ற நிலப்படம் உலகறிந்த ஒன்றாயிற்று. 1877-இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

பிறிதொரு சான்று நம் காலத்தைச் சார்ந்தது. 1970-களில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து மலைகளில் பெருங்கொம்பு ஆடுகளை ஆராய்ந்த ஜான் மியோன்சின்ஸ்கி என்பார், தம் கருவிகளைச் சுமக்க வெள்ளாடுகளைப் பழக்கினார். அவர் 1992-இல் பொதியாடுகளைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதன்பின், மலைகளில் பல நாள் நடந்து கூடாரமிட்டுத் தங்குவோர் தம் உணவையும் கூடாரத்தையும் ஆடுகளின்மேல் ஏற்றிச் செல்லும் வழக்கம் அந்நாட்டில் பரவிற்று. அதற்குக் காயடித்த கடாக்களே பெரிதும் தெரிந்தெடுக்கப்படுகின்றன. குட்டிப் பருவத்திலேயே மனிதரோடு பழக்கி, மூன்றாண்டு கடந்து எலும்பு முதிர்ந்த பின்னரே முழுச் சுமை ஏற்றுவர். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை சுமை தாங்கும் என்பது அவர்தம் கணக்கு. முதுகெலும்பின்மீது சுமை அழுந்தாதவாறு மரச்சட்டச் சேணம் பூட்டி, இருபுறப் பைகளையும் நிறுத்துச் சமன் செய்வர்.

ஆகவே ஆடு சுமக்கும். பழக்கினால் நன்றாகவே சுமக்கும். தமிழகத்து ஆடு சுமக்கவில்லை எனின், காரணத்தை ஆட்டின் உடலில் தேடுதல் பயனற்றது. நிலத்திலும் தொழிலிலும் மக்கள் வாழ்விலும் தேடுதல் வேண்டும்.

3. ஓய்மானாட்டு உப்பு வழி

முதலில் நிலத்தை நோக்குவோம். திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி பண்டைக் காலத்தில் ஓய்மானாடு எனப்பட்டது. அதன் தலைவனாகிய நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படை பாடுகின்றது. அவனுடைய ஊர்களாக எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பவற்றை அந்நூல் கூறுகின்றது. கிடங்கில் என்பது திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். எயிற்பட்டினத்தை மரக்காணம் சார்ந்த கடற்கரையில் வைத்து அறிஞர் கருதுவர். மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. அங்கிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து செஞ்சி ஏறத்தாழ 28 கிலோமீட்டர். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடையிடையே பாறைக் குன்றுகள் உண்டு எனினும், வழி பெரும்பாலும் சமநிலத்திலேயே செல்கின்றது. உருளை ஓடும் நிலம் இது.

இத்தகைய நிலத்தில் உப்பைச் சுமந்தது வண்டி. உப்பு வாணிகராகிய உமணரின் வண்டி வரிசையைச் சங்க நூல்கள் ‘ஒழுகை’ என்னும் சொல்லால் குறிக்கின்றன. சிறுபாணாற்றுப்படை ஆசிரியரும், பாண்டியரின் கொற்கையைச் சிறப்பிக்குமிடத்தில், உமணரின் ஒழுகையோடு உடன்வந்த மந்தி அவர்தம் பிள்ளைகளோடு விளையாடுவதைக் காட்டுகின்றார். தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கைக்குழந்தையுடைய உமணப்பெண் வண்டி எருதுகளை ஓட்டிச் செல்கின்றாள். குடும்பமே வண்டியோடு வழிச்செல்லும் வாழ்க்கை அவர்களுடையது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வண்டியின் கீழே வேறோர் அச்சைக் கட்டிச் செல்வர் என்பதைப் புறநானூற்றில் ஒளவையார் பாடலொன்றால் அறிகின்றோம். வழியின் இடரையும் அதற்கு முன்கூட்டியே செய்துகொண்ட காப்பையும் இச்செய்தி ஒருங்கே காட்டுகின்றது.

உருளை ஓடாத இடத்தில் கழுதை சென்றது. அகநானூற்றின் 207-ஆம் பாடலில், உப்பை மேற்கு நாட்டுக்குக் கொண்டு செல்லும் வாணிகர் நிமித்தம் பார்த்துப் புறப்படுகின்றனர். அவர்தம் கழுதைகளின் குளம்பு பட்டு வழியிலுள்ள கற்கள் புரள்கின்றன. கல் புரளும் வழி என்பதனால் அது வண்டி செல்லாத மேட்டுவழி என்பது பெறப்படும். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து வருகின்றது. அங்கே பொதியைப் ‘புணர்ப்பொறை’ என்கின்றார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இருபுறமும் இணைத்துச் சமன் செய்த சுமை என்பது அதன் பொருள். பலாப்பழம் போன்ற அப்பொதிகளைத் தாங்கித் தாங்கி, கழுதையின் வலிய முதுகில் வடு ஆழ்ந்திருந்தது என்றும் அவர் கூறுகின்றார். இருபுறமும் நிறை ஒத்திருக்கவேண்டும் என்னும் நெறி, இமயத்து ஆட்டுக்கும் வயோமிங் ஆட்டுக்கும் தொண்டை நாட்டுக் கழுதைக்கும் ஒன்றே. பொதியேற்றும் கலையைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்றாகும்.

பிற்காலத்தில் வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் சரக்குகள் ‘பொதி’ என்னும் அளவாலேயே கணக்கிடப்பெற்றன. பிரான்மலைக் கல்வெட்டு இதற்கு எடுத்துக்காட்டு. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் லம்பாடிகளின் பொதியெருதுக் கூட்டங்கள் படைகளுக்குத் தானியம் கொணர்ந்தன. மைசூர்ப் போரில் 1791-இல் காரன்வாலிசின் படை அவற்றையே பெரிதும் நம்பியிருந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. இருப்புப்பாதை பரவப் பரவப் பொதியெருதின் தொழில் சுருங்கிற்று.

சுமைகளை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு காரணம் தெளிவாகின்றது. பொதியெருது ஒன்று ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும். கழுதை அதில் பாதி சுமக்கும். இரட்டை மாட்டு வண்டி பொதியெருதினும் பன்மடங்கு இழுக்கும். ஓர் எருதின் சுமைக்குப் பத்து ஆடுகள் வேண்டும். சமநிலத்தில், வண்டி ஓடும் வழியில், ஆட்டு மந்தையை ஓட்டிச் செல்வதற்குத் தேவை எழவில்லை. பெருஞ்சுமைக்கு ஆடு வேண்டப்படாமைக்கு நிலமே காரணம் எனலாம்.

ஆனால் இவ்விடை முழுமையானதன்று. சவ்வாது மலையும் கல்வராயன் மலையும் சமநிலம் அல்லவே. மேலும், எல்லாச் சுமையும் பெருஞ்சுமை அன்று. ஓர் இல்லத்தின் பாலும் மோரும், ஒரு சிற்றூரின் விறகும் புல்லும், ஒரு வழிப்போக்கனின் மூட்டையும் பத்துப் பதினைந்து கிலோ அளவினவே. இவை ஆட்டின் முதுகுக்கு ஏற்ற சுமைகள். இவற்றையும் ஆடு சுமக்கவில்லை. இவற்றைச் சுமந்தவர் யார் என்பதே உண்மையான வினா.

4. இடையர் முற்றம் காட்டும் சான்று

இவ்வினாவிற்கு விடை காணப் பெரும்பாணாற்றுப்படையின் இடையர் குடியிருப்புப் பகுதி பெரிதும் துணை செய்கின்றது. அப்பகுதியை உணவுக்காகவும் விருந்தோம்பலுக்காகவும் எடுத்துக்காட்டுவோர் பலர். சுமை வரலாற்றுக்கும் அது சான்றாதல் நோக்கத்தக்கது.

அங்கே முள் வேலியிட்ட முற்றம் ஒன்று காட்டப்படுகின்றது. அதனுள் ‘துருவை’ எனப்படும் செம்மறியும் ‘வெள்ளை’ எனப்படும் வெள்ளாடும் ஒன்றாகத் தங்குகின்றன. நிலத்தில் எரு படிந்திருக்கின்றது. விடியற்காலத்தில் இடைமகள் தயிர் கடைகின்றாள். பின்னர் மோர்க்குடத்தைத் தலைமேல் வைத்து ஊருக்குள் சென்று விற்கின்றாள். குடத்துக்கும் தலைக்கும் இடையே மென்மையான ‘சுமடு’ இருக்கின்றது. விற்றுப் பெற்ற உணவால் தன் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாது, எருமையையும் நல்ல ஆனையும் பெறுகின்றாள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் ஒருங்கே அமைந்துள்ளன. முதலாவது, ஆடு மிகுதியாக உள்ளது. இரண்டாவது, ஆட்டின் பயன் எருவாக நிலத்தில் கிடக்கின்றது. மூன்றாவது, அவ்வாடுகளை உடையவள் தன் சுமையைத் தன் தலையிலேயே ஏற்றிச் செல்கின்றாள். முற்றம் நிறைய ஆடு நிற்க, மோர்க்குடம் மனிதத் தலையில் செல்கின்றது.

குடத்தை ஆட்டின்மேல் கட்டினால் மோர் சிந்தும் என மறுக்கலாம். அம்மறுப்பு மோருக்குப் பொருந்தும், தானியத்திற்குப் பொருந்தாது. உமணப்பெண் உப்பைக் கூவி விற்று நெல்லை மாற்றாகக் கொண்டமையை அகநானூற்றுப் பாடல்கள் கூறுகின்றன. அத்தெரு வாணிகத்திலும் பொதியாடு ஒன்று உடன்சென்றதாகக் குறிப்பில்லை. திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கண்மாவின் தலைவன் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலை வழியையே பொருளாகக் கொண்ட நூல். அதனுள்ளும் செம்மறியும் வெள்ளாடும் விரவிய மந்தைகள் வருகின்றன, இடையர் விருந்தளிக்கின்றனர், ஆடு பொதி சுமப்பதாக எங்கும் இல்லை. நூல்களின் மௌனம் ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் முறையன்று என்பது உண்மை. ஆனால் எருது, கழுதை, வண்டி, அச்சு, மந்தி வரை நுணுகிக் கூறும் புலவர்கள், ஆட்டையும் பலகாற் கூறி, அதன் முதுகில் சுமையை மட்டும் வைக்காதிருப்பது தற்செயலானதன்று.

5. சாவா மூவாப் பேராடு

ஆட்டின் பயன் வேறாக இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் வலிமை மிக்க சான்று தருகின்றன. சோழர் காலத்தில் கோயிலுக்கு நுந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் கொடையாக வழங்கப்பெற்றன. ஒரு விளக்குக்கு 90 ஆடு என்பது பல கோயில்களில் காணப்படும் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என வகுத்தனர். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஆடு இறப்பினும் மூப்பினும் அவற்றின் குட்டிகளால் எண்ணிக்கை குறையாதிருத்தல் வேண்டும். அதனாலேயே அம்மந்தையைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். தனி ஆடு இறக்கும், மந்தை இறவாது. கொடையின் நிலைபேற்றை இதனினும் செறிவாக உணர்த்தும் சொல் அரிது.

இம்முறையில் மதிப்புடையது பெண்ணாடு. அதன் பாலும் குட்டியுமே முதல். நாள்தோறும் பால் தரவேண்டிய ஆட்டைப் பல நாள் வழியில் பொதியேற்றி ஓட்டுதல் இயலாது. மந்தையின் மற்றொரு பயன் எரு. அறுவடைக்குப் பின் வயல்களில் ஆட்டுக்கிடை கட்டி எருச் சேர்க்கும் வழக்கம் இன்றும் தமிழகத்தில் உண்டு. கிடை கட்டும் இடையனுக்கு நிலமுடையோர் கூலி தருவர். கடாக்களோ ஊர்த் தெய்வங்களின் பலிக்கும் இறைச்சிக்கும் சென்றன. இமயத்தில் பொதி சுமக்கக் காயடித்து வளர்க்கப்பெற்ற அதே கடா, இங்கே இளமையிலேயே விலை போயிற்று. முதிரும் வரை அதனை வளர்ப்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் இல்லை.

முருகனுக்கு ஆட்டுக்கடா ஊர்தி என்பது கந்தபுராண மரபு. ஆடு கடவுளைச் சுமந்த கதையை நம்மவர் அறிவர். அரிசி மூட்டையைச் சுமக்க அதனை எவரும் அழைக்கவில்லை.

6. சுமடும் சுமைதாங்கியும்

இனி, சிறு சுமையைச் சுமந்தவர் யார் என்பதற்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படையின் ‘சுமடு’ இன்றைய பேச்சுவழக்கில் ‘சும்மாடு’ என வழங்குகின்றது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு சொல் தேயாது நிற்கின்றது எனின், அச்சொல் குறிக்கும் செயலும் ஓயாது நடந்துள்ளது என்பது பொருள். துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் குடமும் கூடையும் விறகுக்கட்டும் ஏற்றி நடந்தோர் இந்நாட்டின் மக்கள். ‘தலைச்சுமை’ என்பதும், தோளில் தண்டு வைத்து இருபுறமும் சுமை தூக்கும் ‘காவடி’ என்பதும் அவர்கள் தொழிலின் பெயர்கள்.

சொல்லினும் உறுதியான சான்று கல்லில் உள்ளது. தமிழகத்துப் பழைய வழிகளில் ‘சுமைதாங்கி’ எனப்படும் கல்லமைப்புகள் உண்டு. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர், பிறர் துணையின்றித் தம் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறி, மீண்டும் தாமே தலைமேல் ஏற்றிக்கொள்ளலாம். இதன் உயரத்தை நோக்குக. அது நிற்கும் மனிதனின் தோளுக்கும் தலைக்கும் ஒத்த உயரம். எருதின் சுமைக்கோ கழுதையின் சுமைக்கோ அமைந்ததன்று. மனிதத் தலையிலிருந்து இறக்கும் சுமைக்கெனவே அது நடப்பட்டது. சாலையோரத்தில் அறச்செயலாகக் கல் நட்டுத் தரும் அளவிற்குத் தலைச்சுமை இந்நாட்டில் பெருவழக்காயிருந்தது. காவேரிப்பாக்கத்தை அடுத்துச் சுமைதாங்கி என ஓர் ஊரே உள்ளது.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது மரபு. வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளின் பெயரால், வழிச்செல்வோர் தம் சுமையை இறக்குதற்கு ஓரிடம் அமைத்தனர். இம்மரபின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுமை என்பது இந்நாட்டு மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எத்துணை நெருங்கிய துயரமாக இருந்தது என்பதை அக்கல்லே உணர்த்தும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்னும் சொல் கூலியின்றிச் செய்யவேண்டிய கடமைப் பணியைக் குறிக்கின்றது. மனித உழைப்பைக் கூலியின்றியோ மிகக் குறைந்த கூலிக்கோ பெறக்கூடிய சமுதாயத்தில், ஓர் ஆட்டை மூன்றாண்டு வளர்த்துப் பழக்கிச் சேணம் பூட்டுதற்கு எவரும் முன்வாரார். 10 கிலோ சுமக்க ஆடு வேண்டும் என்னும் எண்ணம் எழுமுன்னரே, 20 கிலோ சுமக்க ஒரு மனிதத் தலை காத்திருந்தது. தமிழகத்தில் ஆடு பொதி சுமவாமைக்கு நிலமும் நெய்யும் எருவும் காரணங்களே. ஆனால் சிறு சுமையைப் பொறுத்தவரை முதன்மையான காரணம் இதுவே என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. ஆட்டின் பொதியை இங்கு மனிதர் சுமந்தனர்.

7. ஒரு தடையும் விடையும்

இம்முடிவிற்கு ஒரு தடை எழுப்பலாம். ஆடுகள் பொதி சுமந்த குமாவுனில் மனிதர் சுமக்கவில்லையா? சுமந்தனர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் அங்கே ‘கூலி பேகார்’ என்னும் முறை இருந்தது. வருகை தரும் அதிகாரிகளின் மூட்டைகளை ஊர்மக்கள் கூலியின்றிச் சுமத்தல் வேண்டும். யார் யார் முறைவைத்துச் சுமக்கவேண்டும் என்பதற்கு ஊர்தோறும் பதிவேடு இருந்தது. 1921 சனவரியில், பாகேசுவரத்தில் உத்தராயணத் திருவிழாவுக்குக் கூடிய மக்கள் அப்பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அதன்பின்னரே அம்முறை ஒழிந்தது.

இச்செய்தி நம் கருத்தை மறுப்பதன்று. அதனை வரையறுத்துக் காட்டுவது. போத்தியா வாணிகர் தம் சொந்தச் சரக்கைத் தம் சொந்த ஆட்டின்மேல் ஏற்றினர். அங்கே சுமையின் செலவு அவர்களுடையது. அதிகாரியின் மூட்டைக்கோ செலவு ஏதும் இல்லை. ஆகவே அது மனிதத் தலையில் ஏறிற்று. சுமப்பவருக்கு உரிய விலை கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் விலங்கு சுமந்தது. விலை கொடுக்க வேண்டாத இடத்தில் மனிதன் சுமந்தான். இரு நாடுகளுக்கும் நெறி ஒன்றே. அந்நெறி செயற்பட்ட அளவே வேறு.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆடு பொதி சுமக்கவல்லது என்பது இமயத்தாலும் அயல்நாட்டாலும் உறுதிப்படும். தமிழகத்தில் பெருஞ்சுமையை வண்டியும் எருதும் கழுதையும் ஏற்றன. ஆட்டின் மதிப்பு அதன் முதுகில் இல்லாமல் பாலிலும் எருவிலும் குட்டியிலும் இருந்தது. ஆட்டின் முதுகுக்கு ஏற்ற சிறு சுமையோ மனிதத் தலையில் ஏறிற்று.

இவ்வரலாறு முற்றிலும் முடிந்துபோனதன்று. தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு, 2019, 2021 ஆகிய ஆண்டுகளின் தேர்தல்களில் வாக்குப்பதிவுக் கருவிகள் கழுதைகளின் முதுகிலேயே சென்றன. அகநானூற்றுக் கழுதையின் குளம்பு பட்ட கல் 21-ஆம் நூற்றாண்டிலும் புரண்டது. மலைநடைப் பயணம் தமிழகத்தில் பெருகிவரும் இந்நாளில், அயல்நாட்டினர் போல ஆடுகளைப் பொதிக்குப் பழக்கலாமே என எவரேனும் எண்ணக்கூடும். அவர்க்கு ஒன்று கூறல் தகும். வளர்ப்பாட்டின் நோய்கள் காட்டாட்டைத் தொற்றும் என்பதனால், அமெரிக்காவில் பெருங்கொம்பு ஆடுகள் வாழும் மலைகள் சிலவற்றில் பொதியாடுகளுக்குத் தடை உண்டு. நம் மேற்கு மலைகளில் பழந்தமிழர் ‘வருடை’ என்று பாடிய வரையாடு வாழ்கின்றது. அதனைக் காக்கத் தமிழக அரசு 2023-இல் தனித்திட்டமே தொடங்கியுள்ளது. அதன் வாழிடத்தில் பொதியாட்டை ஓட்டுதல் தகாது.

வரலாற்று மாணவர் செய்யவேண்டிய பணியும் ஒன்று உண்டு. கோயிற் கல்வெட்டுகள் படியெடுக்கப்பெற்று அச்சேறியுள்ளன. சுமைதாங்கிகளோ பெரும்பாலும் எவராலும் கணக்கெடுக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றிற் சிலவற்றில் நட்டவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. சாலைகளை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்க்கப்படுபவை சாலையோரத்து இக்கற்களே. மரக்காணத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை வரையிலும், விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் வழியாகச் செஞ்சி வரையிலும் உள்ள வழிகளில் எஞ்சி நிற்கும் சுமைதாங்கிகளையும் சாவடிகளையும் வழிக்குளங்களையும் முதுகலை மாணவர் ஒரு கோடை விடுமுறையில் நடந்தே கணக்கெடுத்தல் கூடும். ஒரு சுமைதாங்கிக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவை அளந்தால், தலைச்சுமையோடு ஒரு மனிதர் இளைப்பாறாமல் நடந்த தூரம் எவ்வளவு என்பதும் புலப்படும். எந்நூலும் தராத அளவு அது.

திருவாமாத்தூரில் ஆனினம் தன்னைக் காத்துக்கொள்ளக் கொம்பு வேண்டிற்று என்கின்றது தலபுராணம். அவ்வூர் வழியே தலைச்சுமையோடு நடந்தவர்கள் வேண்டியது, சுமையை இறக்கி வைக்க ஒரு கல். அவர்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்காக நடப்பெற்ற கற்களையேனும் நாம் எண்ணி எழுதி வைத்தல் கடமையாகும்.